திகில் படத்துக்கு ப்ராப்பர்ட்டி தேர்வு செய்வது எப்படி: ஸ்கிரிப்ட் முதல் செட் வரை

பேய்ப் படத்துக்குப் பொருள் வாங்கி வா என்றால் பெரும்பாலும் வந்து இறங்குவது மண்டை ஓடு, கறுப்பு மெழுகுவர்த்தி, விழி பிதுங்கிய பொம்மை. பார்த்த மாத்திரத்தில் "நான் பேய்ப் படத்துப் பொருள்" என்று அறிவிக்கிற சாமான்கள். கதாபாத்திரம் அந்த அறைக்குள் கால் வைக்கும்போதே பார்ப்பவர் உஷாராகிவிடுகிறார். உஷாரானவரைத் திடுக்கிட வைப்பது கடினம்.

திகில் படத்தின் ப்ராப் (ப்ராப்பர்ட்டி, அதாவது காட்சியில் வைக்கும் பொருள்) பயமுறுத்துவதற்கென்றே செய்ததுபோல் இருக்கக் கூடாது. அந்த வீட்டில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு வேலைக்காக வைத்துப் புழங்கிய பொருளாக இருக்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம்: கடையிலோ குடோனிலோ பார்த்துப் பிடித்துப்போனது தேர்வு ஆகாது. அந்தக் காட்சியின் வெளிச்சத்தில், அந்த லென்ஸ் வழியாகப் பார்த்த பிறகு பிடித்தால்தான் தேர்வு.

படி 1: ஸ்கிரிப்ட்டைப் பிரித்து எழுதுங்கள்

ஸ்கிரிப்ட்டை முதல் முறை கதைக்காகப் படியுங்கள். இரண்டாம் முறை கையில் பென்சிலோடு, பொருள்களுக்காக மட்டும். வசனத்திலோ செயலிலோ வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி: சீன் எண், கதை நடக்கும் நாள், யார் கையில், என்ன ஆகிறது, எவ்வளவு பக்கத்தில் கேமரா. "கதவைத் திறக்கிறாள்" என்று எழுதியிருந்தால் சாவி இருக்கிறதா, சாவிக்கொத்தா, ஒற்றைச் சாவியா என்று இயக்குநரிடம் அன்றைக்கே கேளுங்கள். படப்பிடிப்பு நாளில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

பிறகு பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். ஹீரோ ப்ராப் என்பது க்ளோஸ்-அப்பில் வந்து கதையை நகர்த்தும் பொருள். கை ப்ராப் என்பது நடிகர் எடுத்துப் பயன்படுத்துவது, ஆனால் கேமரா அதில் தங்காது. மிச்சமெல்லாம் செட் டிரஸ்ஸிங், அதாவது அலமாரியில் நிற்பது, சுவரில் தொங்குவது. பட்ஜெட்டில் பாதி ஹீரோ ப்ராப்களுக்குப் போகலாம், தப்பில்லை. ஒரு படத்தில் அவை நான்கைந்துக்கு மேல் இருக்காது. இருந்தால் ஸ்கிரிப்ட்டில் ஏதோ ஒன்று அதிகம்.

ஹீரோ ப்ராப் ஒவ்வொன்றுக்கும் அதன் வருகைகளை மட்டும் தனித்தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒரு தையல் பெட்டி என்றால்: சீன் 4-ல் அம்மா பட்டன் தைக்கிறாள், சீன் 19-ல் பெட்டி இடம் மாறியிருக்கிறது, சீன் 37-ல் உள்ளே தலைமுடி. முதல் வருகையே சீன் 37-ஆக இருந்தால் அந்தத் தலைமுடிக்கு எந்த வலிமையும் இல்லை. அப்படி ஒரு ஓட்டை தெரிந்தால் இயக்குநரிடம் போய், முன்னால் ஒரு சாதாரண சீனில் அந்தப் பெட்டியை வைக்க அனுமதி கேளுங்கள். வசனம் வேண்டாம், மேசை மேல் இருந்தால் போதும். ப்ராப் ஆள் படத்துக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி பல நேரம் இதுதான். இதற்குச் செலவும் கிடையாது.

படி 2: பொருளைச் சோதிக்கும் கேள்விகள்

யார் வாங்கியது, எதற்காக, எந்தக் கை அதிகம் பிடித்தது? இதற்குப் பதில் இருந்தால் தேய்மானம் எங்கே வர வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். வலது கைக்காரர் இருபது வருஷம் பிடித்த கத்திக்குப் பிடியின் ஒரு பக்கம்தான் மழுங்கியிருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுரண்டி வைத்தால் பழையதாகத் தெரியாது, சுரண்டியதாகத்தான் தெரியும்.

அரை இருட்டில் அதன் வடிவம் மட்டும் தெரிந்தால் என்னவென்று புரியுமா? திகில் காட்சியில் பொருள் பெரும்பாலும் நிழலுருவாகத்தான் வருகிறது. கறுப்புத் துணிமுன் வைத்து, பின்னாலிருந்து ஒரு டார்ச் அடித்து, கைபேசியில் படம் எடுங்கள். இந்தப் படப்பிடிப்புக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் ஒரு நொடி காட்டி என்னவென்று கேளுங்கள். தடுமாறினால் வேறு பொருள் தேடுங்கள். கத்தரிக்கோல், நாற்காலி, தொட்டில் எல்லாம் இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறும். வேலைப்பாடு மிகுந்த மரப்பெட்டி தேறாது. இருட்டில் அது வெறும் செங்கல்.

காலம் பொருந்துகிறதா? இதில்தான் அதிகம் சறுக்குவார்கள். 1900-ல் செய்த அலமாரி என்று சொல்லிவிட்டு அதில் பிளஸ் குறி போட்ட ஸ்க்ரூ தெரிந்தால் கதை முடிந்தது. அந்த வகை ஸ்க்ரூ 1930-களில்தான் பரவியது. பால்பாயின்ட் பேனா கடைக்கு வந்தது 1940-களில். அதற்கு முந்தைய டைரியில் எழுத்து மைப் பேனாவின் தடிப்பும் மெலிவுமாக இருக்க வேண்டும். மென்மையான வினைல் பொம்மைகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பெருகின. அதற்கு முன் பீங்கான் முகம், மரத்தூள் கலவை, செல்லுலாய்டு.

செல்லுலாய்டு என்றதும் ஓர் எச்சரிக்கை. அசல் பழைய செல்லுலாய்டு பொம்மை மிக வேகமாகத் தீப்பிடிக்கும். மெழுகுவர்த்தி எரியும் காட்சியில் வைக்கவே கூடாது. பழைய பொருள்களுக்குள் இன்னும் சில ஆபத்துகள் ஒளிந்திருக்கின்றன. இருட்டில் ஒளிரும் பழைய கடிகார முகப்பில் ரேடியம் இருக்கலாம், கண்ணாடியைக் கழற்றக் கூடாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, குழந்தை நடிகர் கையில் கொடுக்கவும் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முகக்கண்ணாடிகள் சிலவற்றின் பின்பூச்சில் பாதரசம் உண்டு. அசலை அளவெடுத்து நகல் செய்துகொள்வதே நல்லது.

படி 3: கேமரா டெஸ்ட்

ஒளிப்பதிவாளரிடம் ஒரு மணி நேரம் வாங்குங்கள். காட்சிக்குத் திட்டமிட்ட விளக்கு, லென்ஸ், தூரம் மூன்றும் அப்படியே வேண்டும். நீலநிற இரவு வெளிச்சத்தில் சிவப்பு கிட்டத்தட்ட கறுப்பாகிவிடும். சிவப்புப் பரப்பு நீல ஒளியைத் திருப்பி அனுப்பாது. நீங்கள் பார்த்துப் பார்த்துக் கலந்த ரத்தம் அங்கே எண்ணெய்க் கறையாகத் தெரியும். அதே ரத்தம் சிவப்பு விளக்கின்கீழ் வெள்ளைச் சட்டையோடு கலந்து காணாமல் போய்விடும். நெருக்கமான கோடு போட்ட துணி, வலைத்துணி, மெல்லிய கம்பி வலை ஆகியவை சென்சாரில் அலையலையாக நெளியும். பளபளப்பான பரப்பில் விளக்கும் குழுவினரும் தெரிவார்கள். மங்கல் ஸ்ப்ரே அடித்தால் போகும், ஆனால் மெல்லிய பூச்சாக. அதிகம் அடித்தால் பொருள் பவுடர் பூசியதுபோல் ஆகிவிடும்.

டெஸ்ட்டில் நடிகரும் இருந்தால் நல்லது. கைக்குள் மறைந்துபோகிற பொருள், ஒரு கையால் திறக்க முடியாத மூடி, பிடித்ததும் வழுக்கும் பிடி எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

பொம்மை

மனித உருவத்தை நெருங்கி, ஆனால் முழுதாக எட்டாமல் நிற்கும் உருவங்கள் ஒருவித அருவருப்பைத் தருகின்றன என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-ல் எழுதினார். பொம்மை வாங்கும்போது அதை நினைவில் வையுங்கள். கோரமாக்கிய பொம்மை அந்த எல்லையைத் தாண்டி வெறும் பொம்மையாகவே நின்றுவிடும். நல்ல பொம்மை முதல் பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும்.

கண்தான் முக்கியம். வரைந்த கண்ணில் ஒளிப்புள்ளி விழாது; கண்ணாடி அல்லது அக்ரிலிக் கண்ணில் விழும். அந்த ஒரு புள்ளிதான் உயிரைத் தருகிறது. இரண்டு கண்களில் ஒன்றை மட்டும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் பார்வையை எடுக்க மாட்டார். ஒரே பொம்மையில் மூன்று தலை வைத்துக்கொள்வதும் பயன் தரும்: நேர்ப் பார்வை, பக்கப் பார்வை, மூடிய கண். ஷாட்டுக்கு ஷாட் தலையை மாற்றினால் போதும், மோட்டார் தேவைப்படாது. மோட்டார் வைத்தால் அதன் ரீங்காரம் வசனத்தோடு பதிவாகும்.

அசைவுக்கு நைலான் மீன்பிடி நூல். அரை கிலோவுக்குள் எடையுள்ள பொருளை மெல்ல இழுக்க 0.20 மி.மீ. போதும். நூல் தெரிவதற்குக் காரணம் தடிமன் அல்ல, பளபளப்பு. கறுப்பு மார்க்கரால் நீளவாக்கில் ஒரு முறை இழுத்துவிட்டு, பின்விளக்கு நேராகப் படாத கோணத்தில் கட்டுங்கள். வெறும் சுவருக்கு முன்னால் கட்டாதீர்கள். திரைச்சீலை, புத்தக அலமாரி மாதிரி கோடுகள் நிறைந்த பின்னணியில் நூல் கரைந்துவிடும். மேசை மேல் நகர வேண்டிய சிறு பொருளுக்கு நூலே வேண்டாம். அடியில் ஒரு காந்தம், மேசைக்குக் கீழே இன்னொன்று. பலகை தடிமனாக இருந்தால் பிடி விட்டுப்போகும்; ஆகவே அந்த மேசைக்கு மட்டும் மெல்லிய ஒட்டுப்பலகையில் மேல்தளம் போடுங்கள்.

கண்ணாடி

முகக்கண்ணாடி வாங்கும்போது சட்டத்தைப் பார்த்து வாங்குங்கள், கண்ணாடியைப் பார்த்து அல்ல. கண்ணாடியை எப்படியும் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். சட்டத்துக்குப் பின்னால் கீல் வைத்து, மேலும் கீழும் பக்கவாட்டிலும் சாய்கிற மாதிரி செய்துவிடுங்கள். கண்ணாடியை 1 டிகிரி திருப்பினால் பிம்பம் 2 டிகிரி விலகும். 3 டிகிரி சாய்த்தால் 3 மீட்டர் தூரத்தில் சுமார் 30 செ.மீ. விலகிவிடும், கேமராவை மறைக்க அநேகமாக இது போதும், சாய்வு கண்ணுக்கும் தெரியாது. சட்டத்தின் பின்னால் சொருக மரச் சக்கைகள் சிலவற்றைப் பையில் வைத்திருங்கள்.

எடை குறைவு என்று அக்ரிலிக் கண்ணாடி வாங்குவதுண்டு. கொஞ்சம் வளைந்தாலே முகம் கோணும். கோணல் வேண்டிய ஷாட்டுக்கு அது வரம், மற்றதற்கு வேண்டாம். அசல் கண்ணாடியாக இருந்தால் பின்பக்கம் முழுவதும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுங்கள். விழுந்து உடைந்தாலும் துண்டுகள் சிதறாது. சுவரில் தொங்கும் புகைப்படச் சட்டங்களில் கண்ணாடியைக் கழற்றியே வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது.

கத்தியும் உடையும் பொருள்களும்

ஒரு கத்திக்கு நான்கு வடிவம் வேண்டும். க்ளோஸ்-அப்புக்கு முனையும் விளிம்பும் மழுக்கிய எஃகு. நடமாட்டத்துக்கு அலுமினியம் அல்லது கடினப் பிளாஸ்டிக். கைகலப்புக்கு ரப்பர் அல்லது யூரித்தேன் ஃபோம். உடலில் நிற்பதற்கு அலகு பாதியாக வெட்டி, தட்டையான அடித்தகட்டில் பொருத்தியது. நான்கும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே இடத்தில் ஒரே கீறல். அலகை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஸ்ப்ரிங் கத்தியை நம்பி யார் உடம்பிலும் குத்தக் கூடாது. சிரப்பில் கலந்த போலி ரத்தம் காய்ந்தால் பசையாகும்; இரண்டாவது டேக்கில் (அதே ஷாட்டை மறுபடி எடுக்கும்போது) அலகு உள்ளே போகாமல் நின்றுவிடும். எந்தக் கத்தியானாலும் குத்து உடலை விட்டு விலகித்தான் போக வேண்டும், மிச்சத்தைக் கேமரா கோணம் பார்த்துக்கொள்ளும்.

துப்பாக்கி இருந்தால் அது ப்ராப் ஆளின் தனி முடிவு அல்ல. பயிற்சி பெற்ற ஆயுதப் பொறுப்பாளர், உள்ளூர்ச் சட்டப்படி அனுமதி, சுடவே முடியாத நகல். அசல் தோட்டா செட்டின் எல்லைக்குள்ளேயே வரக் கூடாது.

உடையும் கண்ணாடிக்குச் சர்க்கரைக் கண்ணாடி இன்றும் கைகொடுக்கும். சர்க்கரை 3½ கப், தண்ணீர் 2 கப், சோளச் சிரப் 1 கப், க்ரீம் ஆஃப் டார்ட்டர் கால் டீஸ்பூன். மிதமான தீயில், வெப்பமானி வைத்து, 150 டிகிரி செல்சியஸ் வரும்வரை கொதிக்கவிட்டு, எண்ணெய் தடவிய தட்டிலோ சிலிக்கோன் அச்சிலோ ஊற்றுங்கள். 140-ல் இறக்கினால் வளையும், உடையாது. 160-ஐத் தாண்டினால் மஞ்சளாகிப் பழுப்பேறும். பழைய மருந்துச் சீசா வேண்டுமென்றால் அதுவே சரியான நிறம். ஊற்றும்போது கவனம்: இந்தப் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுப்பதால் சில மணி நேரத்தில் பிசுபிசுக்கும், தட்டைக் கண்ணாடி தொய்ந்தும் போகும். ஆகவே படப்பிடிப்புக்கு முந்தின இரவு செய்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட்டுடன் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இதன் துண்டுகளுக்கும் கூர்மை உண்டு. முகத்துக்கு அருகே உடைப்பதாக இருந்தால் அதற்கென்று விற்கும் உடையும் ரெசினுக்குப் போய்விடுங்கள். அசல் கண்ணாடியை நடிகர் பக்கத்தில் உடைக்கும் பேச்சே வேண்டாம்.

ரத்தம்

ஒரே ரத்தத்தை வைத்துப் படம் முழுக்க ஓட்ட முடியாது. வழிவது, தெறிப்பது, வாயில் இருப்பது, காய்ந்தது என்று நான்கு வேலைகள், நான்கு கலவைகள்.

அடிப்படைக் கலவை: சோளச் சிரப் 500 மி.லி., வெதுவெதுப்பான தண்ணீர் 50 மி.லி., கோகோ பவுடர் 1 மேசைக்கரண்டி, சிவப்பு உணவு நிறம் 15 மி.லி., நீலம் 3 அல்லது 4 சொட்டு. கோகோவை முதலில் தண்ணீரில் கரைத்து வடிகட்டிய பிறகே சிரப்பில் சேருங்கள். நேராகப் போட்டால் கட்டி கட்டியாக மிதக்கும், க்ளோஸ்-அப்பில் அது மிளகாய்த் தூள் மாதிரி இருக்கும். கோகோ எதற்கென்றால், சிரப் தனியாக இருந்தால் ஒளி ஊடுருவி ஜாம்போல் தெரியும். நீலம் அந்தச் சிவப்பின் பிங்க் சாயலை அடக்கும்.

துணியில் ஊற வேண்டுமென்றால் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு சேருங்கள். இல்லாவிட்டால் ரத்தம் துணிமேல் முத்து முத்தாக நின்று உருளும். சோப் சேர்த்த பாட்டிலில் "வாயில் படக் கூடாது" என்று பெரிதாக எழுதி வேறு நிற மூடி போடுங்கள். வாய்க்கான கலவையை உண்ணத்தக்க பொருள்களால் மட்டும் அன்றன்று கலக்குங்கள், நடிகருக்கு ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். தெறிப்புக்குத் தண்ணீரை இரண்டு மடங்காக்கலாம்.

சிரப் முழுதாகக் காயாது, பளபளப்பும் போகாது. மறுநாள் காலைக் காட்சியில் தரையில் பளபளவென்று சிவப்பு ரத்தம் கிடந்தால் அது தப்பு: ஹீமோகுளோபின் காற்றில் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து, காய்ந்த ரத்தம் பழுப்பாகும். இதற்கு அடர்பழுப்பு அக்ரிலிக் பெயின்ட்டில் கொஞ்சம் சிவப்புக் கலந்து, விளிம்பில் கனமாகவும் நடுவில் மெல்லியதாகவும் பூசுங்கள். திரவம் காயும்போது நிறம் விளிம்பை நோக்கி ஒதுங்கும். அந்த வளையம் இல்லாத கறை வெறும் பெயின்ட்.

எவ்வளவு கலப்பது? கையில் ஒரு வெட்டுக்காயம் வழிய 30 மி.லி. தாராளம். சட்டை முன்பக்கம் நனைய 200 முதல் 300 மி.லி. தரையில் ஒரு மீட்டர் அகலத்துக்குக் குளம் கட்ட 2 லிட்டராவது ஆகும். டேக் எண்ணிக்கையால் பெருக்குங்கள். தரை ரத்தத்தில் வழுக்கும் அபாயம் அதிகம். நடிகரின் செருப்புக்கு அடியில் ரப்பர் ஒட்டுங்கள். தோலில் பிடித்த உணவு நிறம் சோப்புக்குப் போகாது, ஷேவிங் ஃபோமுக்குப் பெரும்பாலும் போகும். வெள்ளைச் சுவர், வாடகைக்கு எடுத்த தரைவிரிப்பு இரண்டிலும் முன்பே மூலையில் ஒரு சொட்டு விட்டுத் துடைத்துப் பாருங்கள்.

எலும்பும் சடலமும்

மருத்துவ மாணவர்களுக்கான பிளாஸ்டிக் எலும்புக்கூடு நல்ல ஆரம்பம். ஆனால் அப்படியே வைத்தால் அம்பலப்பட்டுவிடும்: கபாலத்தைச் சுற்றி ஒரு வெட்டுக்கோடு, பக்கத்தில் கொக்கி, தாடையில் ஸ்ப்ரிங், முதுகெலும்புக்குள் கம்பி. கொக்கிகளைக் கழற்றி, வெட்டுக்கோட்டை எபாக்ஸி புட்டியால் அடைத்து, பிறகு நிறம் கொடுங்கள். மண்ணில் கிடந்த எலும்பு வெள்ளையாக இருக்காது. மண்ணைப் பொறுத்து மஞ்சள், பழுப்பு, சில சமயம் கரும்பழுப்பு. மரத்துக்குப் பூசும் ஜெல் ஸ்டெய்னைத் தடவி, பழந்துணியால் மேட்டுப் பகுதிகளை மட்டும் துடைத்துவிட்டால் பள்ளங்களில் கருமை தங்கிவிடும். அசல் மனித எலும்பு கிடைத்தாலும் தொடாதீர்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம், கண்ணியம் மறுபுறம்.

உலர்ந்த தோல் வேண்டுமா? பெயின்ட் அடிக்கும்போது தரையில் விரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை எலும்புக்கூட்டின்மேல் இரண்டு மூன்று அடுக்காகச் சுற்றி, ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) சூடாக்குங்கள். தாள் சுருங்கி எலும்போடு ஒட்டி, அங்கங்கே கிழிந்து தொங்கும். அதன்மேல் அதே ஜெல் ஸ்டெய்ன். கன்னை ஒரே இடத்தில் நிறுத்தினால் விலா எலும்பே வளைந்துவிடும். திறந்த வெளியில், முகமூடியோடு செய்யுங்கள். லேட்டெக்ஸ் பயன்படுத்துவதாக இருந்தால் தொடப்போகிறவர்களில் யாருக்கும் ஒவ்வாமை இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சடலத்தை இழுக்கும் காட்சியில் முகத்தின் நேர்த்தியை விட எடைதான் காட்டிக்கொடுக்கும். மனித உடலில் ஒரு கை சுமார் 5 சதவீதம், ஒரு கால் சுமார் 16 சதவீதம், தலை 4.5 முதல் 5 கிலோ. 60 கிலோ ஆளின் டம்மிக்கு ஒரு கையில் 3 கிலோ, காலில் கிட்டத்தட்ட 10 கிலோ மணல் வைத்துத் தைக்க வேண்டும். மணலைச் சிறு பைகளாகப் பிரித்து வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் பாதத்துக்கு இறங்கிவிடும். முழு எடை வேண்டாம், நடிகருக்கு முதுகு போய்விடும் என்றால் உடற்பகுதியை லேசாக வைத்து, கை, கால், தலைக்கு மட்டும் எடை கொடுங்கள். கை தரையில் தட்டும் விதமும் தலை பின்னால் சாயும் விதமும் சரியாக வந்துவிட்டால் மிச்சத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

கடிதம், டைரி, புகைப்படம்

தேநீர் முறை எல்லோருக்கும் தெரியும்: அரை லிட்டர் வெந்நீரில் 5 தேநீர்ப் பைகள், தாளை ஒரு நிமிடம் முக்கி எடுத்து, 90 முதல் 100 டிகிரி ஓவனில் பத்து நிமிடத்துக்குள் உலர்த்துவது, பக்கத்திலேயே நின்றுகொண்டு. கெடுவது இங்கே: இங்க்ஜெட்டில் அச்சடித்த தாளை முக்கினால் எழுத்து கரைந்தோடும். லேசர் அச்சு அசையாது. கையெழுத்து என்றால் தாளை முதலில் சாயம் போட்டு உலர்த்திவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

நான்கு ஓரமும் கருகிய கடிதத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தாள் பழுப்பது காற்றும் வெளிச்சமும் படும் ஓரத்திலிருந்து. புத்தகத்துக்குள் இருந்த பக்கத்தின் நடு வெளிறியே இருக்கும், மடித்த கடிதத்தில் மடிப்புக்கோடு கறுத்துக் கிழியும். மரக்கூழ்த் தாள்தான் வேகமாக மஞ்சளாகும். 1800-களின் நடுப்பகுதிக்கு முன் கந்தல் துணியில் செய்த தாள் அதைவிட வெளுப்பாக இருப்பதுண்டு. முன்னூறு வருஷப் பத்திரத்தைக் காபி நிறமாக்க வேண்டியதில்லை.

குடும்பப் புகைப்படத்துக்கு நடிகர்களின் அரை நாள் முன்கூட்டியே தேவை. கால்ஷீட் போடும்போதே கேட்டு வாங்குங்கள். பிறகு கணினியில் தலை ஒட்டினால் நிழல் திசை பொருந்தாது. அறியாத மனிதர்களின் பழைய படங்களை எடுத்து மாட்டுவது, அவர்கள் குடும்பம் பார்த்தால் வம்பு.

விளக்கும் திரையும்

சாதாரண நீள மெழுகுவர்த்தி மணிக்குச் சுமார் 2 முதல் 2.5 செ.மீ. குறையும். ஒரு காட்சி ஆறு மணி நேரம் எடுத்தால் கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் பொருள் ஒரே மாதிரி இருப்பது) என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஷாட்டின் உயரத்தை அளந்து, அதே உயரத்தில் ஒரு டஜன் வெட்டி, திரியைக் கொளுத்தி அணைத்து, வழிசல் விட்டுத் தயாராக வைப்பது வழக்கம். தீ அனுமதி இல்லாத இடத்தில் எல்இடி மெழுகுவர்த்தி. சுடர் ஃப்ரேமுக்குள் தெரியாதபடி உயரமான கூண்டுக்குள் வைத்தால் நம்பும்படி இருக்கும். மலிவான எல்இடி கேமராவில் பட்டை பட்டையாகத் துடிக்கலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 24 ஃப்ரேமுக்கு ஷட்டர் கோணம் 172.8 டிகிரி, 60 ஹெர்ட்ஸ் என்றால் 144 டிகிரி என்று வைத்தால் மின்விளக்குத் துடிப்பு அடங்கும். பேட்டரி எல்இடிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, டெஸ்ட்தான் வழி.

பழைய பெட்டி டிவியில் உருளும் கறுப்புப் பட்டையும் இதே கதைதான். 50 ஹெர்ட்ஸ் டிவியை 25 ஃப்ரேம், 1/50 நொடியில் எடுத்தால் பட்டை உருளாமல் நிற்கும். சுலப வழி, காலியான பழைய கூட்டுக்குள் தட்டைத் திரையை வைத்து முன்னால் வளைந்த பிளாஸ்டிக் தாள் மாட்டுவது. கூட்டைக் காலி செய்ய நீங்களே ஸ்க்ரூ டிரைவரோடு இறங்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் ஆளைத் தூக்கியடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பழசாக்குதல்

துரு: எண்ணெய்ப் பசை போகக் கழுவிய வெற்று இரும்பில் வினிகரைத் தெளித்து உலரவிடுங்கள். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 475 மி.லி., வினிகர் 60 மி.லி., உப்பு ஒன்றரை டீஸ்பூன் கலந்து தெளித்தால் சில நிமிடங்களில் ஆரஞ்சு நிறம் எழும். கையுறை, கண்ணுக்குக் கவசம், காற்றோட்டம் கட்டாயம். மீந்த கலவையை மூடி வைக்காமல் கொட்டிவிடுங்கள், எரிச்சலூட்டும் அமிலம் உருவாகும், பாட்டிலும் வீங்கும். துத்தநாகம் பூசிய இரும்பில் இந்த வேலை நடக்காது. உலர்ந்ததும் மேட் லாக்கர் பூசாவிட்டால் துரு நடிகரின் கையிலும் உடையிலும் ஏறும். வெள்ளை நைட்டி போட்ட கதாநாயகிக்கு அடுத்த டேக்கில் வேறு நைட்டி தேடுவீர்கள்.

தூசிக்கு முல்தானி மட்டி. கிடைமட்டமான பரப்பில் மட்டும், மேலிருந்து சல்லடையால். செங்குத்துப் பரப்பில் தூசி நிற்காது. தூவும்போது எல்லோருக்கும் முகமூடி. சிலந்தி வலைக்குப் பாக்கெட்டில் வரும் பஞ்சு இழை தூரத்துக்குப் பரவாயில்லை, க்ளோஸ்-அப்புக்கு உதவாது. ரப்பர் சிமென்ட்டை விசிறியால் இழையாக வீசும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். இரண்டுமே எளிதில் எரியும். மெழுகுவர்த்தியும் வலையும் ஒரே ஃப்ரேமில் இருந்தால் மெழுகுவர்த்தி போலியானதாக இருக்கட்டும்.

சத்தம், எண்ணிக்கை, உரிமை

ஆடும் நாற்காலி, கதவுக் கீல், சாவி கொடுக்கும் இசைப் பெட்டி எல்லாவற்றையும் ஒலிப்பதிவாளர் காதில் போட்டுவிடுங்கள். கிறீச்சிடும் நாற்காலி அழகுதான், ஆனால் அது வசனத்தின் மேலேயே கிறீச்சிடும். படமெடுக்கும்போது சத்தம் போடாத நாற்காலி, தனியாகப் பதிவு செய்ய ஒரு சத்தம் போடும் நாற்காலி என்பதே நடைமுறை. இசைப் பெட்டியின் பாட்டுக்கும் உரிமையாளர் இருக்கலாம்.

உடையும், கறைபடும், கிழியும் பொருள்களுக்கு எண்ணிக்கை: எதிர்பார்க்கும் டேக், ஒத்திகை இரண்டு, கைவசம் இரண்டு. நான்கு டேக் என்றால் எட்டுக் கோப்பை. எட்டும் ஒரே லாட்டில் வாங்குங்கள். அடுத்த வாரம் போனால் அதே கோப்பையின் பூ வேறு நிறத்தில் இருக்கும்.

ஆவியோடு பேசும் பலகை கதையில் இருந்தால் நீங்களே வடிவமையுங்கள். ஊய்ஜா பலகைக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது 1891-ல். அது எப்போதோ காலாவதியாகிவிட்டது. ஆனால் அந்தப் பெயர் இன்றும் ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் வணிக முத்திரை. அடையாளம் தெரிகிற பொம்மை, சுவரோவியம், புத்தக அட்டை எல்லாவற்றுக்கும் எழுத்து மூலமான அனுமதி வேண்டும், அல்லது சொந்தமாகச் செய்ய வேண்டும்.

படப்பிடிப்பு நாளில்

ஒரு மேசை, அதில் ஒவ்வொரு பொருளுக்கும் டேப்பால் கட்டம், கட்டத்துக்குள் பெயரும் சீன் எண்ணும். ஷாட் முடிந்ததும் பொருள் கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். ஆபத்தானவை பூட்டிய பெட்டிக்கு. ஒவ்வொரு டேக் முடிவிலும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள்: மெழுகின் உயரம், ரத்தத்தின் விளிம்பு, பொம்மையின் தலைக்கோணம். குழந்தை நடிகருக்குப் பயமூட்டும் பொருளை வெளிச்சத்தில் முன்பே காட்டி, கையில் கொடுத்து விளையாட விடுங்கள். எப்படிச் செய்தது என்று அவர்களே கேட்பார்கள், சொல்லிவிடுங்கள்.

படப்பிடிப்பு முடிந்த கையோடு வாடகைப் பொருள்களைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றும். ஹீரோ ப்ராப்களை எடிட் உறுதியாகும்வரை விடாதீர்கள், க்ளோஸ்-அப் ஒன்று குறைகிறது என்று எடிட்டர் கூப்பிடுவது வாடிக்கை. ரத்தம் பட்டவற்றைக் கழுவாமல் வைக்கவும் முடியாது. சிரப்புக்கு எறும்பும் பூஞ்சையும் வந்துவிடும். கறையின் எல்லையை அளவுகோலோடு எல்லாக் கோணத்திலும் படமெடுத்து, பாட்டிலில் எந்தக் கலவை என்று எழுதிவைத்து, பிறகு கழுவி அடுக்குங்கள்.